டைரக்ட் கொடுத்த லைன்

ஏப்ரல் 2

இன்று காலை முட்டை அடுக்கினோம். மூவாயிரம். எல்லாம் நாட்டுக்கோழி, நாமே பார்த்துப் பொறுக்கியது. வெப்பம் 99.5 ஃபாரன்ஹீட், ஈரம் 55 சதவீதம். இந்த மெஷினைப் பெருந்துறையில் மூடிப்போன ஒரு பொரிப்பகத்திலிருந்து எடுத்தேன். பழசுதான், ஆனால் இரும்புச் சட்டம் யானை மாதிரி நிற்கிறது. முட்டையைத் திருப்ப மோட்டார் கிடையாது. வெளியே ஒரு இரும்பு லிவர், அதைக் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் இழுத்துவிட வேண்டும். அது பாவாயி வேலை. பதினெட்டாம் நாள் வரைக்கும் திருப்ப வேண்டும், இருபத்தொன்றில் குஞ்சு.

பாவாயி என்னிடம் ஆறு வருடமாக இருக்கிறாள். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். அவளிடம் மறுபடி சொன்னேன்: மெஷின் ரூமுக்குள் செருப்பு கிடையாது, வாசலில் வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கிருமி உள்ளே போனால் மொத்த முட்டையும் அழுகும். நான் மட்டும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பை உள்ளேயே வைத்திருக்கிறேன். என் பித்தவெடிப்பில் அந்தத் தண்ணீர் பட்டால் தீயாய் எரிகிறது.

கடைசி இரண்டு ஈடும் முன்பிருந்த மெஷினில் பாழாய்ப்போயிற்று. ராசிபுரம் சந்தைக்கு நான் போனாலே பேச்சை நிறுத்துகிறார்கள். இந்த ஈடு பொரிந்தால்தான் நாலு பேருக்கு முன்னால் நிற்க முடியும்.

எலக்ட்ரீஷியன் டேனியல் புதிதாக ஒரு டிரிப் சுவிட்ச் மாட்டிவிட்டுப் போனான். எங்காவது கரண்ட் கசிந்தால் அதுவே விழுந்து லைனை அறுத்துவிடுமாம். நான் கேட்கவில்லை, அவனாக மாட்டினான். இருக்கட்டும்.

ஏப்ரல் 4

காலையில் தண்ணீர்த் தட்டை நிரப்பியதும் டிரிப் சுவிட்ச் விழுந்தது. தூக்கிவிட்டேன். அரைமணியில் மறுபடி விழுந்தது. பதினோரு மணிக்கு மூன்றாவது தடவை. அதற்குப் பிறகு தூக்கினால் நிற்கவே இல்லை. வெப்பம் 97க்கு இறங்கிவிட்டது. இரண்டாம் நாள் முட்டை, உள்ளே ரத்தம் ஓட ஆரம்பிக்கிற நேரம்.

டேனியலுக்குப் போன் போட்டேன். ஓசூரில் ஏதோ ஃபேக்டரி வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறான். இருபதுக்கு மேல்தான் வர முடியுமாம்.

"அண்ணா, சுவிட்ச் விழுந்துச்சுன்னா அது பொய் சொல்லாதுங்ணா. உள்ள எங்கியோ கசியுது. யாராச்சும் நல்ல ஆளா விட்டுப் பாருங்க. சுவிட்ச உட்டுட்டு டைரக்ட் மட்டும் குடுத்துப்போடாதீங்ணா."

"குடுக்கல, குடுக்கல. எனக்குத் தெரியாதா" என்றேன்.

தெரியும். வியாபாரத்துக்கு வருவதற்கு முன்னால் நாலு வருடம் வயர்மேனாக இருந்தவன் நான். புது சுவிட்சிலேயே கோளாறு இருக்கும். இப்போது வருகிற சாமான் எதை நம்புவது.

மெயினை இறக்கினேன். சுவிட்சிலிருந்து வயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம் தோலுரித்தேன். உள்ளே இருக்கிற இழைகளை முதலில் தனித்தனியாக இறுக்க வேண்டும், அவசரக்காரன் இதைச் செய்யமாட்டான். பிறகு சுவிட்சுக்கு வருகிற வயரையும் மெஷினுக்குப் போகிற வயரையும் பக்கம் பக்கமாக வைத்து, பிளேயரால் வலப்பக்கமாக ஆறு சுற்று. நுனியை வெட்டி, மடக்கி, டேப்பைப் பாதிமேல் பாதி ஏறுகிற மாதிரி மூன்று தடவை சுற்றினேன். இழுத்துப் பார்த்தால் என் தோள்தான் வலிக்கிறது, ஜாயின்ட் அசையவில்லை. முப்பது வருடம் கழித்தும் கை மறக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு 99.5 வந்துவிட்டது.

ஏப்ரல் 5

99.5. 56. தொந்தரவு இல்லை.

வெயில் கொளுத்துகிறது. மதியம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் நின்றால் மண்டை காய்கிறது. பாவாயி முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க மொதலாளி, வெளியவே இப்பிடி அனலடிக்குது. முட்டைய வாசல்ல பரப்பி வெச்சாலே பொரிச்சுக்கும் போல. இதுக்கு எதுக்குங்க மெசினு?"

"நீ வேணா ஒக்காந்து அடை காத்துரு" என்றேன்.

"கூலி சேத்துக் குடுப்பீங்களா?"

ஏப்ரல் 6

99.5. 55.

ஏப்ரல் 8

மாலை லிவரை இழுத்துவிட்டு வந்து பாவாயி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"மொதலாளி, லிவரைத் தொட்டா சுருக்குனு இழுக்குதுங்க."

"எறும்பு கடிச்சிருக்கும்."

"இரும்புலயா?"

"சட்டத்துல சக்கரைத் தண்ணி கிண்ணி பட்டிருக்கும். போயி வேலையப் பாரு."

அவள் போய்விட்டாள். நானே போய் லிவரைப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 9

ஏழாம் நாள். இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். சிலந்திவலை மாதிரி ரத்த நரம்பு, நடுவில் ஒரு கரும்புள்ளி துடிக்கிறது. கரு கூடாத முட்டை 260தான். இப்படி ஒரு ஈடு எனக்கு அமைந்ததே இல்லை. மெஷின் நல்ல மெஷின்.

99.6. 55.

ஏப்ரல் 10

செருப்பைக் கழற்றிவிட்டு, மருந்துத் தண்ணீரில் காலை முக்கிக்கொண்டு, லிவரைத் தொட்டேன்.

வெயில் அதிகம். எர்த் கம்பி புதைத்த குழிக்குத் தண்ணீர் ஊற்றி மாதக்கணக்கு ஆகியிருக்கும். மண் வெடித்துக் கிடந்தது. உப்பு இரண்டு கை போட்டு இரண்டு குடம் ஊற்றினேன். என் மனைவி ருக்குமணி வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரித் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. அந்தக் குழியில என்ன மல்லிச்செடியா வெச்சிருக்கீங்க?"

"கரண்டுக்குத் தண்ணி வேணும்" என்றேன். உண்மைதானே.

ஏப்ரல் 11

பாவாயியிடம் "இன்னைக்கு எறும்பு கடிச்சுதா" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"இன்னைக்கு இல்லீங்க."

பார்த்தாயா. காய்ந்த மண், அவ்வளவுதான். 99.5. 55. ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

ஏப்ரல் 12

லிவரின் கைப்பிடியில் ஒரு முழம் பிளாஸ்டிக் பைப் செருகியிருக்கிறது. பாவாயி வேலையாகத்தான் இருக்கும். பிடிக்க வாகாக இருக்கிறது. விட்டுவிட்டேன்.

குழிக்கு இரண்டு குடம்.

ஏப்ரல் 13

சந்தையிலிருந்து வரும்போது பாவாயிக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தேன். தடித்த அடி.

"எதுக்குங்க?"

"உள்ள வழுக்குதில்ல. போட்டுட்டே வேலை செய்."

"ரூமுக்குள்ள செருப்பு கூடாதுனு நீங்கதான சொன்னீங்க."

"இது புதுசு. இதுல ஏது கிருமி?"

அவள் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாயங்காலம் பார்த்தால் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். காலையில் வாசலில் கழற்றிவிட்டு, காலை முக்கிக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே வருவாள். ஆறு வருடமாக நான் சொல்லிச் சொல்லிப் பழக்கியது. என்ன காரணம் சொல்லி மாற்றுவது?

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. கனி வைத்துக் கும்பிட்டோம். ருக்குமணி மெஷினுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். காலைக் கழுவிக்கொண்டு ஈரத்தோடு உள்ளே வந்துவிட்டாள். "குடு, நான் வைக்கிறேன்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

"என்னைக்கும் இல்லாத பக்தி" என்றாள்.

பாவாயி தண்ணீர்த் தட்டுக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

99.5. 57. லாரி வரவில்லை. குழிக்கு ஒரு குடம்தான்.

ஏப்ரல் 16

பாவாயி வரவில்லை. எட்டு மணிக்கு வர வேண்டியவள், ஒன்பதாயிற்று. போன் அடித்தால் எடுக்கவில்லை. நேற்று மாலை லிவரை இழுத்துவிட்டு நல்லபடியாகத்தான் போனாள். கை வலிக்கிறது என்று ஏதாவது சொன்னாளா? சொல்லவில்லை. நெஞ்சு வலி என்று? இல்லை. கரண்ட் பட்டவனுக்குச் சில சமயம் மறுநாள்தான் தெரியும் என்று அந்தக் காலத்தில் எங்கள் மேஸ்திரி சொல்வார்.

ஒன்பதரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பேத்திக்குக் காதுகுத்து. பாவாயி பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றாள், தலையில் பூ.

"ஏனுங்க மொதலாளி, போன வாரமே சொன்னனே. ஒரு நாளு வல்லீனா வண்டியெடுத்துட்டுத் தேடி வந்துருவீங்களா? எங்கூட்டுக்காரரே இப்பிடித் தேடுனதில்லீங்க."

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உட்கார வைத்து இலை போட்டார்கள். பாயசம் மட்டும் குடித்துவிட்டு, பாப்பா கையில் மொய் கொடுத்துவிட்டு வந்தேன்.

சொன்னாளாம். எனக்கு ஞாபகமே இல்லை.

ஏப்ரல் 17

டெஸ்டரை எடுத்து மெஷின் சட்டத்தில் வைத்துப் பார்த்தேன். எரிந்தது. இந்த டெஸ்டர் பழசு, பத்து வருடமாக டிராயரில் கிடந்தது. எதில் வைத்தாலும் எரியும்.

ஏப்ரல் 18

புது டெஸ்டர் வாங்கினேன். அதுவும் எரிகிறது.

சரி, நிதானமாக யோசிப்போம். கழற்றிப் பார்க்க மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எத்தனை மணி நேரம் என்று தெரியாது. பதினாறாம் நாள் முட்டை, உள்ளே குஞ்சு முழுசாக ஆகிவிட்டது. இருபதாம் தேதி முட்டையைக் கீழ்க்கூடைக்கு மாற்றிவிட்டால் அதற்குப் பிறகு லிவருக்கு வேலை இல்லை. இன்னும் இரண்டே நாள். பைப் துண்டு இருக்கிறது. குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். இந்த இரண்டு நாளும் லிவரை நானே இழுத்துவிடுகிறேன்.

"நான் இழுத்துக்கறேன், நீ கூட்டிப் பெருக்கு" என்றேன். பாவாயி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 19

99.4. 58. மதியம் சந்தைக்குப் போக வேண்டியதாயிற்று. தர்மபுரிக்காரர் குஞ்சு எடுக்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார், நேரில் பேசாவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்.

மதியம் இழுத்தது பாவாயிதான்.

ஏப்ரல் 20

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பதினெட்டாம் நாள். முட்டையை மேல் தட்டுகளிலிருந்து கீழ்க்கூடைக்கு மாற்ற வேண்டும். சீக்கிரம் முடிக்க மூன்று பேராவது வேண்டும். ருக்குமணியை நான் கூப்பிடவில்லை, பாவாயி கூப்பிட்டிருக்கிறாள். பத்தரை மணிக்கு நான் செருப்போடு மெஷினுக்கு வலப்பக்கம் நிற்கிறேன். பாவாயி வெறுங்காலோடு இடப்பக்கம். ருக்குமணி மருந்துத் தண்ணீரில் இரண்டு காலையும் முக்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மெஷின் கதவின் கைப்பிடிக்குக் கையை நீட்டினாள்.

"தொடாதே" என்று கத்திவிட்டேன்.

அவள் கை அப்படியே நின்றது.

பாவாயி சத்தமே போடாமல் கேட்டாள்: "ஏனுங்க மொதலாளி, அம்மா தொட்டாத்தான் புடிக்குமுங்களா?"

"எது புடிக்கும்?" என்றாள் ருக்குமணி.

"கரண்டுங்கம்மா" என்றாள் பாவாயி.

"உனக்குத் தெரியுமா?"

"பன்னண்டு நாளாத் தெரியுமுங்க. ஒருக்கா சொன்னன். எறும்புனு சொன்னாரு. அப்பறம் என்னத்தச் சொல்றது? பைப்பு செருகிக்கிட்டேன். தட்டுக்குக் குழாயிலதான் தண்ணி வுடறேன். கதவைக் குச்சியிலதான் தள்றேன். செருப்பு வாங்கியாந்தாரு பாருங்க, அன்னிக்குத்தான் இவருக்கும் தெரியுதுனு எனக்குத் தெரிஞ்சுது. இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருனு நானும் பாத்துட்டே இருந்தேன்."

ருக்குமணி என் பக்கம் திரும்பினாள். என்னைக் கட்டிக்கொண்டபோது நான் வயர்மேன். அவளுக்கு இதெல்லாம் தெரியும்.

"டைரக்ட் குடுத்தீங்களா?"

"சுவிட்சு நிக்கல. முட்டை..."

"நான் முட்டையக் கேக்கல."

போய் மெயினை இறக்கினேன். மெஷின் விசிறி ஓய்ந்து நிற்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பாவாயி வெளியே போய்த் தன் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

ஜாயின்டைப் பிரிக்க உட்கார்ந்தேன். டேப் உரிந்தது. முறுக்கு அசையவில்லை. ஆறு சுற்று, ஒவ்வொன்றும் மற்றொன்றின் மேல் உட்கார்ந்து ஒரே கம்பி மாதிரி ஆகியிருந்தது. பிளேயரால் பிடித்து இடப்பக்கமாகத் திருகத் திருக விரல்நுனி கிழிந்து ரத்தம் வந்தது. முக்கால் மணி நேரம். என் வேலையில் ஒரு குறையும் இல்லை. பதினாறு நாள் அது சூடேறவில்லை, நெகிழவில்லை, தன் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறது. செய்த காரியம்தான் தப்பு.

டிரிப் சுவிட்சைத் திரும்ப மாட்டி மெயினை ஏற்றினேன். டப் என்று விழுந்தது.

"இது அன்னிக்கே சொல்லிருச்சுங்களே" என்றாள் பாவாயி, வாசலிலிருந்து.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு மணிக்கு, மெஷின் நின்று ஒன்றரை மணி நேரம் கழித்து, தெர்மாமீட்டரைப் பார்த்தேன். உள்ளே 99. வெளியே கூரைக்கு அடியில் 101. மூன்று மணிக்கும் 99தான். எந்த மதியமும் ஒரு மணி நேரம் நிறுத்தி, அடித்தட்டைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். முட்டைக்குத் தெரிந்தே இருக்காது. பாவாயி ஐந்தாம் தேதியே சொன்னாள், விளையாட்டாக.

கைப்பிடியைத் தொடப்போன ஒரு நொடியில் என் பெண்டாட்டியைக் கத்தி நிறுத்தினேன். பாவாயியைப் பன்னிரண்டு நாள் தொடவிட்டேன்.

பொழுது சாயும் முன் முட்டைகளைக் கூடைக்கு மாற்றி, சாக்கும் போர்வையும் போட்டு மூடினோம். ருக்குமணி வெந்நீர் வைத்து பாட்டில்களில் நிரப்பிக் கொடுத்தாள். பாவாயி மெஷின் மெயின் இறங்கியிருப்பதைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கூடையைத் தொட்டாள்.

ஏப்ரல் 21

காலையில் 94. மெஷின் ஓடாததால் ரூம் அமைதியாக இருக்கிறது. போர்வைக்கு அடியிலிருந்து மெல்லிசாகக் கீச் என்று ஒரு சத்தம். முட்டைக்குள்ளிருந்து. பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், விசிறிச் சத்தத்தில் இதை நான் கேட்டதே இல்லை. எத்தனை உயிரோடு இருக்கிறது என்று தெரியவில்லை.

டேனியல் ஓசூரிலிருந்து வேலையைப் போட்டுவிட்டுப் பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினான். ருக்குமணிதான் போன் செய்திருக்கிறாள். அடித்தட்டைக் கழற்றினான். ஹீட்டருக்குப் போகிற வயரின் தோல் நீராவியில் வெந்து, ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு தெரிந்து, இரும்புச் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. மாற்ற இரண்டு மணி நேரம் பிடித்தது.

சுவிட்ச்போர்டில் நான் பிரித்து மாட்டிய வயர் நுனிகள் இன்னும் சுருள் சுருளாக நெளிந்திருந்தன. டேனியல் அவற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"இந்த முறுக்கு யாருங்ணா போட்டது? பழைய ஆளு வேலையாட்டம் இருக்குது. எங்களுக்கெல்லாம் இப்பிடி வராதுங்ணா."

"கை நல்ல கைதான்" என்றாள் ருக்குமணி. பிறகு காபி போட உள்ளே போய்விட்டாள்.

மெயின் ஏற்றினான். சுவிட்ச் விழவில்லை. சட்டத்தில் டெஸ்டரை வைத்தான். எரியவில்லை. கூடைகளை உள்ளே ஏற்றினோம். டேனியல் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 24

நேற்றே பொரிந்திருக்க வேண்டியது, இன்று வரைக்கும் இழுத்துவிட்டது. ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வந்திருக்கிறது. ஒரு ராத்திரிக் குளிர்ச்சியில் மீதி முட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. தர்மபுரிக்காரர் வந்து பார்த்தார். "போன தடவைக்குப் பரவால்ல" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு மெஷின் கோளாறு என்றேன். அவர் போன பிறகு பாவாயி கேட்டாள்: "மெசினுங்களா?"

"என் கோளாறு" என்றேன்.

அவள் குஞ்சுகளைப் பெட்டியில் எண்ணிப் போட்டுக்கொண்டே தலையாட்டினாள். மன்னித்த தலையாட்டல் மாதிரி தெரியவில்லை. எண்ணிக்கைக்கு ஆட்டியதாக இருக்கலாம்.

ஏப்ரல் 29

அடுத்த ஈடு. இரண்டாயிரம்தான் அடுக்கினோம். வெப்பம் 99.5. ஈரம் 55.

செருப்புக் கட்டுப்பாட்டை மாற்றிவிட்டேன். உள்ளே போட ரப்பர் செருப்பு மூன்று ஜோடி, மருந்தில் கழுவி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று.

பாவாயி தன் ஜோடியைப் போட்டுக்கொண்டாள். உள்ளே வந்து, லிவருக்கு இரண்டு அடி தள்ளி நின்றாள். பைப் துண்டைக் காணோம். அவளே கழற்றியிருக்கிறாள்.

"இழுத்துவிடு" என்றேன்.

"மொதல்ல நீங்க தொடுங்க."

கையை நீட்டினேன்.

"செருப்பக் கழட்டீட்டு."

கழற்றினேன். வாசலுக்குப் போய் மருந்துத் தண்ணீரில் இரண்டு காலையும் முக்கினேன். வெடிப்பு எரிந்தது. ஈரம் சொட்ட வந்து லிவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது அதில் ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும், டேனியல் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான், சுவிட்ச் காவலுக்கு இருக்கிறது. ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம், நவுருங்க" என்றாள். பிறகுதான் அவள் கை வைத்தாள், முதலில் புறங்கையால்.

மதியமும் அப்படியே. மாலையும் அப்படியே. இன்று மூன்று வேளை தொட்டேன்.